ஹைப்ரிட் இல்லன்னா எதை வாங்கியிருப்ப?

வேலூர் சத்துவாச்சாரில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல கணக்கு பாக்கறவன் நான், அதனால சொந்தத்துல யார் கார் எடுக்கப் போனாலும் கொட்டேஷன் பேப்பரு கடைசில என் வாட்ஸ்அப்புக்குதான் வரும். இப்ப கொஞ்ச நாளா வர்றதெல்லாம் ஒரே கேள்வி. பெட்ரோல் இன்ஜினோட கரண்ட்டு மோட்டாரும் சேந்து ஓடற ஹைப்ரிட் எடுக்கலாமா, சாதா பெட்ரோலே போதுமா?

இதுக்கு ஊர்ல ரெண்டு கட்சி இருக்கு, ரெண்டு பேரு கணக்குமே அழுகுணி ஆட்டம். முதல் கட்சி, டொயோட்டா ஹைரைடர் மாதிரி வண்டியைக் காட்டி, "27.97 மைலேஜ் குடுக்குதுப்பா, ரெண்டு வருஷத்துல போட்ட காசு வந்துரும்" அப்படின்னு சொல்றவங்க. இன்னொரு கட்சி, அதே வண்டியோட பேஸ் மாடல் மேனுவல் கிட்டத்தட்ட 11 லட்சம், ஹைப்ரிட் டாப் மாடல் 19 லட்சத்துக்கு மேல, மிச்சம் 8 லட்சத்துக்கு ஆயுசுக்கும் பெட்ரோல் போட்டுக்கலாமேன்னு கேக்கறவங்க. முதல் ஆளு லேப்ல எடுத்த நம்பரைக் கொண்டாந்து நம்ம ரோட்டுல வைக்கறாரு. ரெண்டாவது ஆளு சன்ரூஃப், 360 டிகிரி கேமரா, காத்து வர்ற சீட்டு எல்லாத்தோட விலையையும் தூக்கி ஹைப்ரிட் தலையில கட்டிடறாரு.

என்னைக் கேட்டா முதல்ல கேக்க வேண்டியது மைலேஜே இல்ல. ஹைப்ரிட்னு ஒண்ணு மார்க்கெட்லயே இல்லன்னு வச்சுக்க, அப்ப நீ எந்த வண்டியை, எந்த வேரியண்ட்டை எடுத்திருப்ப? அந்த வண்டியோடதான் ஹைப்ரிட்டை வச்சுப் பாக்கணும். இதைக் கேட்டா பாதிப் பேரு முழிக்கறாங்க, ஏன்னா அவங்க எடுத்திருக்கப் போறது ஒரு பத்து லட்சத்து மேனுவலு, வெறும் மைலேஜ் ஆசையிலதான் பதினெட்டு லட்சத்துக்குத் தாவிட்டாங்க. அப்படித் தாவறவங்களுக்கு எந்த ஹைப்ரிட்டும் காசைத் திருப்பித் தராது, விட்டுருங்க.

இன்னொரு விஷயம், நம்ம ஊர்ல விக்கற ஸ்ட்ராங் ஹைப்ரிட், அதாவது மோட்டாரு மட்டுமே வச்சும் கொஞ்ச தூரம் ஓடற நெசமான ஹைப்ரிட், எல்லாமே ஆட்டோமேட்டிக்தான். கிளட்ச் பெடலே கிடையாது. அப்ப அதை மேனுவலோட வச்சுப் பாத்தா, ஆட்டோமேட்டிக்குக்குன்னு தனியா குடுக்கற ஒரு லட்சத்துக்கு மேலயும் ஹைப்ரிட் கணக்குல சேந்துடுது. முட்டி வலிக்குது, காட்பாடி ரயில்வே பாலத்து மேல கிளட்ச்ச அமுக்கி அமுக்கி காலு போச்சு, எப்படியும் ஆட்டோமேட்டிக்தான்னு முடிவு பண்ணவங்களுக்கு அந்தக் காசு ரெண்டு பக்கமும் இருக்கு, கழிஞ்சு போச்சு. மேனுவலே சந்தோஷமா ஓட்டறவங்களுக்கு அது ஹைப்ரிட்டோட செலவுதான். ஒரே வண்டி, ஒரே விலை, ஆனா ஆளுக்கு ஆளு கணக்கு வேற. இதைப் புரிஞ்சுக்காமதான் சாப்பாட்டு இலை முன்னாடி சண்டை போட்டுகினு இருக்காங்க.

நல்ல வேளையா இதை நேர்மையா வச்சுப் பாக்க நம்ம நாட்டுல ஒரு ஜோடி இருக்கு. 2022ல வந்த மாருதி கிராண்ட் விட்டாரா, டொயோட்டா ஹைரைடர், ரெண்டும் உள்ளுக்குள்ள ஒண்ணுதான். ரெண்டுலயுமே ஒரே பாடிக்குள்ள ரெண்டு விதமா இன்ஜின் வருது. ஒண்ணு மாருதியோட 1.5 லிட்டர் நாலு சிலிண்டர், இதை மைல்டு ஹைப்ரிட்னு சொல்லி விப்பாங்க, ஆனா அந்தச் சின்ன மோட்டாரு வண்டியைத் தனியா நகத்தாது, சிக்னல்ல நின்ன இன்ஜினை எழுப்பி விடும், கிளம்பறப்ப லேசா ஒரு கை குடுக்கும், அவ்வளவுதான். கணக்குக்கு இதை சாதா பெட்ரோல்னே வச்சுக்கணும். எங்க மச்சான் ஒருத்தரு 2015ல வந்த சியாஸ் வச்சிருந்துகினு "நானும் ஹைப்ரிட்தான்டா ஓட்டறேன், ஒண்ணும் பெருசா மிச்சமாவலியே"ன்னு எல்லார்கிட்டயும் சொல்லிகினு திரிஞ்சாரு, அது இந்த வகை. இன்னொண்ணு டொயோட்டாவோட 1.5 லிட்டர் மூணு சிலிண்டர், கூட பெரிய மோட்டாரு, ஒரு யூனிட் கரண்ட்டு கூட முழுசா பிடிக்காத லித்தியம் பேட்டரி, மொத்தமா 116 குதிரை சக்தி. இதுதான் நெசமான ஹைப்ரிட், மெதுவா போறப்ப இன்ஜின் அணைஞ்சு மோட்டாரு மட்டுமே வண்டியை இழுக்கும், பிரேக் போடறப்ப வீணாப் போற சக்தியைப் பிடிச்சு பேட்டரில போட்டுக்கும்.

கம்பெனி சொல்ற மைலேஜ் ஆட்டோமேட்டிக்ல 20.58, ஹைப்ரிட்ல 27.97. இந்த நம்பருங்க பொய்யின்னு நான் சொல்லல, ரெண்டையும் ஒரே மாதிரி ரூமுக்குள்ள ரோலர் மேல ஓட்டி, ஏசி போடாம, 90க்கு மேல போகாம எடுக்கறது. வேலூர்ல சித்திரை மாசம் ஏசி போடாம காரு ஓட்டறவன் யாராவது இருந்தா எனக்குக் காட்டுங்க.

மைலேஜ்ல இன்னொரு குழி இருக்கு. லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர்னு பாக்கறதே நம்மளை ஏமாத்தற கணக்கு. இன்னோவா ஹைகிராஸ் எடுத்துக்கங்க, அதுல பெட்ரோல் 16.13, ஹைப்ரிட் 23.24, வித்தியாசம் ஏழு சொச்சம். மேல சொன்ன ஹைரைடர்லயும் வித்தியாசம் ஏழு சொச்சம்தான். பாக்கறவனுக்கு ரெண்டும் ஒரே லாபமாத் தெரியும். ஆனா ஆயிரம் கிலோமீட்டருக்கு எத்தனை லிட்டர்னு திருப்பிப் போட்டுப் பாருங்க, இன்னோவா 62 லிட்டர்ல இருந்து 43க்கு வருது, 19 லிட்டர் மிச்சம். ஹைரைடர் 48.6ல இருந்து 35.8, கிட்டத்தட்ட 13 லிட்டர்தான். ஏற்கெனவே நிறையா குடிக்கற வண்டியிலதான் ஹைப்ரிட் நல்லா மிச்சம் பண்ணும், கம்மியா குடிக்கற சின்ன வண்டியில அது பண்றதுக்கு அதிகம் வேலை இல்ல. அதனால நான் எப்பவுமே ஒரு கிலோமீட்டருக்கு எத்தனை ரூபான்னுதான் எழுதிப் பாப்பேன்.

இப்ப கொட்டேஷன் பேப்பருக்கு வரேன். எங்க மாமா பொண்ணு வீட்டுக்காரரு அனுப்புனது, மஞ்ச கலர் கார்பன் காப்பி, அதுல பேனாவால ரெண்டு இடத்துல அடிச்சுத் திருத்தி இருந்துச்சு. எக்ஸ் ஷோரூம் விலை, அதுக்குக் கீழ ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ், டிசிஎஸ் (வண்டி விக்கறப்பவே பிடிக்கற வருமான வரி), பாஸ்டேக், அப்புறம் "எசென்ஷியல் கிட்"னு ஒரு பெரிய தொகை, அது என்னய்யான்னு கேட்டா மிதியடி, மட்கார்டு, சைடு மோல்டிங், வண்டிக்குப் போத்தற துணி. மாப்பிள்ளை பெட்ரோல் ஆட்டோமேட்டிக்கு, ஹைப்ரிட்டுன்னு ரெண்டு பேப்பரையும் பக்கத்துல வச்சு எக்ஸ் ஷோரூம் வித்தியாசத்தை மட்டும் வட்டம் போட்டு அனுப்பியிருந்தாரு, "ரெண்டே கால் லட்சம்தான் மாமா அதிகம், எடுத்துடலாமா?" அப்படின்னு.

அங்கதான் விஷயமே. தமிழ்நாட்டுல 2023 நவம்பர்ல இருந்து காருக்கு ரோடு டாக்ஸ் ஏத்திட்டாங்க, 10 லட்சத்துல இருந்து 20 லட்சம் வரைக்கும் 18 சதவீதம், 20ஐத் தாண்டுனா 20 சதவீதம். ஹைப்ரிட்டுக்குன்னு இங்க தனிச் சலுகை எதுவும் கிடையாது. ரெண்டே கால் லட்சத்துக்கு 18 சதவீதம்னா 40,500 ரூபா. இன்சூரன்ஸ்லயும் வண்டி விலைக்கு ஏத்த மாதிரி சில ஆயிரம் ஏறும். ஹைப்ரிட்டுக்கு தேர்டு பார்ட்டி பிரீமியத்துல ஏழரை சதவீதம் தள்ளுபடி இருக்குங்கறது உண்மைதான், 1000 சிசில இருந்து 1500 சிசி வரைக்கும் மூணு வருஷத்துக்கு 10,640 ரூபாயில அது 798 ரூபா, ஆம்பூர்ல குடும்பத்தோட பிரியாணி சாப்பிட்டா பத்தாது. ஆகமொத்தம் ரெண்டே கால் லட்சம் ரோட்டுக்கு வர்றப்ப 2 லட்சத்து 70 ஆயிரம் ஆயிடுது. டிசிஎஸ் ஒரு சதவீதத்தை நான் சேக்கல, அது ரிட்டர்ன் போட்டா கழிஞ்சுடும், அதையும் செலவுன்னு எழுதி ஹைப்ரிட்டைத் திட்டறவங்க இருக்காங்க, அது நியாயமில்ல.

இன்னோவா மாதிரி பெரிய வண்டின்னா இதுல கூடுதலா ஒரு படி இருக்கு. பெட்ரோல் 19 லட்சம், ஹைப்ரிட் 21 லட்சம்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கங்க. 19க்கு 18 சதவீதம் 3,42,000. 21க்கு 20 சதவீதம் 4,20,000. ரெண்டு லட்சம் வித்தியாசத்துக்கு டாக்ஸ் மட்டுமே 78,000 கூட. உத்தரப் பிரதேசத்துல 2024 ஜூலைல ஸ்ட்ராங் ஹைப்ரிட்டுக்கு ரிஜிஸ்ட்ரேஷன் டாக்ஸையே எடுத்தாங்க, அதனால டெல்லி நொய்டா பக்கத்து யூடியூப்காரங்க அப்ப போட்ட கணக்கைப் பாத்துட்டு நம்ம ஆளுங்க குதிக்கக் கூடாது, அது அந்த ஊரு கணக்கு.

அதே மாதிரி பழைய வீடியோவையும் நம்பாதீங்க. 2025 செப்டம்பர் 22க்கு முன்னாடி 1500 சிசிக்கு மேல இருக்கற பெரிய எஸ்யூவிக்கு ஜிஎஸ்டியும் செஸ்ஸும் சேத்து 50 சதவீதம், ஹைப்ரிட்டுக்கு 43. இப்ப ரெண்டுமே 40. விலை குறைஞ்சுதுன்னு எல்லாரும் சந்தோஷப்பட்டாங்க, ஆனா பெட்ரோலுக்குக் குறைஞ்ச அளவு ஹைப்ரிட்டுக்குக் குறையல, ஹைப்ரிட்டுக்கு இருந்த அந்த ஏழு சதவீத அனுகூலம் போயே போச்சு. அதுக்கு முன்னாடி யாரு போட்ட கணக்கா இருந்தாலும் திரும்பப் போடணும்.

சரி, ரோட்டுக்கு வருவோம். பெட்ரோல் விலையைக் கணக்குக்கு 102 ரூபான்னு வச்சுக்கறேன். டவுனுக்குள்ள, அதாவது காட்பாடி சித்தூர் பஸ் ஸ்டாண்டுல இருந்து பாலாத்துப் பாலம், கிரீன் சர்க்கிள், சிஎம்சி வாசல், பாகாயம்னு போற வழியில சாதா பெட்ரோல் ஆட்டோமேட்டிக் ஏசியோட 12 குடுத்தா நல்ல ஓட்டுனரு. ஹைப்ரிட் 21 குடுக்கும். கிலோமீட்டருக்கு 8 ரூபா 50 காசு, 4 ரூபா 86 காசு. வித்தியாசம் 3 ரூபா 64 காசு. நின்னு நின்னு போறப்பதான் சாதா இன்ஜின் சும்மா எரியும், ஹைப்ரிட் அங்க அணைஞ்சு கிடக்கும், ஏசி கம்ப்ரஸரும் கரண்ட்டுலதான் ஓடும். நம்ம ஊரு வெயில்ல அந்த ஏசியே சின்ன பேட்டரியை சீக்கிரம் காலி பண்ணி இன்ஜினை எழுப்பி விட்டுடும், அதனாலதான் 27ன்னு நான் எழுதல.

பைபாஸ் ஏறிட்டா கதை மாறிடுது. வாலாஜா தாண்டி நூறுல ஒரே சீரா போறப்ப பிரேக் போட வேலை இல்ல, பிரேக் இல்லன்னா பேட்டரிக்குத் திரும்பி வர்ற சக்தியும் இல்ல, இன்ஜின்தான் முழு நேரமும் இழுக்கணும். சாதா வண்டி 17, ஹைப்ரிட் 20. கிலோமீட்டருக்கு 6 ரூபா, 5 ரூபா 10 காசு. வித்தியாசம் 90 காசு, அவ்வளவேதான்.

இப்ப அந்த 2,70,000ஐ வகுத்துப் பாருங்க. டவுன்லயே ஓட்டுனா 74 ஆயிரம் கிலோமீட்டர்ல காசு திரும்பி வரும். ஹைவேயிலயே ஓட்டுனா 3 லட்சம் கிலோமீட்டர் ஓட்டணும். ஒரே வண்டி, ஒரே கம்பெனி.

இதைப் பாத்து டவுன்ல ஓட்டறவனுக்கு ஹைப்ரிட்தான்னு நீங்க சொல்லிடுவீங்க, எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, ஆனா நம்ம வேலூருக்கு அது சரியா வராது. ஊரு எவ்வளவு பெருசு? எங்க அக்கா காட்பாடில இருந்து ஆஸ்பத்திரி வேலைக்குப் போயிட்டு வருது, மாசம் 500 கிலோமீட்டர் தாண்டாது, நடுவுல ஒரு ஸ்ரீபுரம், ஒரு ரத்தினகிரி சேத்தாலும். 500 கிலோமீட்டருக்கு மிச்சம் 1,820 ரூபா. போட்டதை எடுக்க 12 வருஷத்துக்கு மேல ஆவும். இதே சென்னையோ பெங்களூரோன்னா தினமும் நாப்பது, அம்பது கிலோமீட்டர் நெரிசல்லயே ஓடும், அங்க நெரிசலும் இருக்கு, தூரமும் இருக்கு. வேலூர்ல நெரிசல்ல ஓட்டறவனுக்குத் தூரம் இல்ல, தூரம் ஓட்டறவன் பைபாஸ்ல போயிடறான். இந்த ஒரு விஷயத்தை எந்த விமர்சனத்துலயும் யாரும் சொல்ல மாட்டாங்க, ஏன்னா விமர்சனம் பண்றவங்க எல்லாம் பெரிய ஊர்ல உக்காந்துகினு இருக்காங்க.

மாப்பிள்ளை கேஸ் இதுல ரெண்டாவது ரகம். ஆம்பூர்ல ஷூ கம்பெனிக்கு வேலை எடுத்துப் பண்றாரு, வாரத்துக்கு ஒரு தடவையாவது சென்னை, மாசம் 2,000 கிலோமீட்டர் சர்வ சாதாரணமா ஓடும், ஆனா அதுல முக்கால்வாசி பைபாஸு. நான் போன் போட்டு சொன்னேன், "மாப்ள, உங்களுக்கு மாசம் மூணாயிரம், மூவாயிரத்து சொச்சம்தான் மிச்சமாவும், அந்த அதிகப்படி 2,70,000ஐயும் லோன்ல போட்டா அஞ்சு வருஷத்துக்கு 9 சதவீதத்துல இஎம்ஐ மட்டும் 5,600 ரூபா."

"இன்னா மாமா இது, மிச்சம் பண்றதுக்கு மேல கட்ட சொல்றீங்களே?"

"நான் எங்க கட்டச் சொன்னேன், பேங்குதான் சொல்லுது."

அந்த 5,600ஐ அறுபது மாசம் கட்டுனா வட்டி மட்டுமே 66 ஆயிரம். கையில காசு இருக்கு, லோனே வேணாம்னு சொல்றவங்களும் அந்தக் காசு டெபாசிட்ல கிடந்தா என்ன வந்திருக்கும்னு பாக்கணும். கணக்குப் போடறவங்க முக்காவாசிப் பேரு இந்த வட்டியை மறந்துடுவாங்க, ஷோரூம்காரருக்கு அதை ஞாபகப்படுத்தணும்னு என்ன தலையெழுத்தா. இன்னொண்ணும் இருக்கு, ஹைப்ரிட்ல பேட்டரி பின்னாடி உக்காந்துக்கறதால டிக்கி சின்னதாயிடும். மாப்பிள்ளை சேம்பிள் ஷூ அட்டைப் பெட்டிங்களை அடுக்கிகினு போறவரு. கடைசில அவரு டிக்கியைத் திறந்து பாத்துதான் முடிவு பண்ணாரு, என் கணக்குனால இல்ல. பெட்ரோல் ஆட்டோமேட்டிக் புக் பண்ணிட்டாரு.

ஹைப்ரிட் பக்கம் எழுத வேண்டியதையும் எழுதிடறேன், இல்லன்னா நானும் அந்த ரெண்டாவது கட்சில சேந்த மாதிரி ஆயிடும். டொயோட்டா ஹைப்ரிட்ல ஸ்டார்ட்டர் மோட்டார், ஆல்டர்னேட்டர்னு தனியா எதுவும் கிடையாது, அதனால அது ரெண்டும் கெட்டுப் போகாது. பிரேக் வேலையில பாதியை மோட்டாரு பாத்துக்கறதால பிரேக் பேடு ரொம்ப நாள் வரும், ஏலகிரி பதினாலு கொண்டை ஊசி வளைவு இறங்கறப்பவே அது தெரியும், பேட்டரி நிரம்பற வரைக்கும் பேடுக்கு அதிகம் வேலையே இருக்காது. பேட்டரி போயிட்டா லட்சக்கணக்குல செலவுன்னு பயமுறுத்தறாங்க, பயம் நியாயமானதுதான், ஆனா டொயோட்டா ஹைப்ரிட் பேட்டரிக்கு 8 வருஷம் இல்ல 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி இருக்கு. 1997ல இருந்து பிரியஸ்ல ஆரம்பிச்சு அவங்க செஞ்சுகினு வர்ற சமாச்சாரம், நேத்து முளைச்சது இல்ல. ஒண்ணே ஒண்ணு, பேட்டரிக்குக் காத்து இழுக்கற ஓட்டை நிறைய வண்டியில பின் சீட்டுப் பக்கமா இருக்கும், அதைத் துணிப்பையை வச்சு அடைச்சுடாதீங்க. நம்ம ஊரு 42 டிகிரில அந்தக் காத்துதான் அதுக்கு உசிரு.

விக்கறப்ப என்ன விலை போகும்ங்கறதையும் சேக்கணும். அதிகமா குடுத்த 2,70,000ல ஏழு வருஷம் கழிச்சு விக்கறப்ப ஒரு லட்சம் கூட வந்துச்சுன்னா, டவுன் கணக்கு 74 ஆயிரத்துல இருந்து 47 ஆயிரம் கிலோமீட்டருக்கு இறங்கிடும். வாரண்டி முடியப் போற நேரத்துல விக்கப் போனா வாங்கறவன் பேட்டரியைக் காட்டி அடிச்சுக் கேப்பான், ஒரு லட்சம் கனவுதான். அதனால எத்தனை வருஷம் வச்சுக்கப் போறோம்ங்கறது மைலேஜை விடப் பெரிய விஷயம்.

எத்தனால் கலந்த பெட்ரோல் வந்ததுல ஹைப்ரிட்டுக்கு பாதிப்பான்னு ஒரு நண்பர் கேட்டாரு. எத்தனால்ல சக்தி பெட்ரோலை விட மூணுல ஒரு பங்கு கம்மி, 20 சதவீதம் கலந்தா மைலேஜ் ரெண்டு வண்டிக்குமே இறங்கும். ரெண்டும் ஒரே பங்கா இறங்குனா ரூபாக் கணக்குல வித்தியாசம் கொஞ்சம் ஹைப்ரிட் பக்கம்தான் சாயும், ஏன்னா அதிகம் குடிக்கறவனுக்குத்தான் அதிகம் நட்டம். பெட்ரோல் விலை ஏறுனாலும் அதே கதைதான்.

அப்ப வேலூர்ல யாருக்குதான் ஹைப்ரிட் கட்டுப்படியாவும்? என் கண்ணுல பட்ட ஒரே ஆளு, ஆபீஸுக்கு ரிட்டர்ன் போட வர்ற ஒரு மெடிக்கல் ரெப். காலையில குடியாத்தம், மத்தியானம் பேர்ணாம்பட்டு, அடுத்த நாளு ஆற்காடு, ஆரணி, போளூர்னு பைபாஸ் மிதிக்காம ஊர் ரோட்டுலயே சுத்தறவரு. ஊருக்கு ஊரு வேகத்தடை, கரும்பு டிராக்டர், ஸ்கூல் வாசல், அம்பதைத் தாண்ட விடாத ரோடு. ஹைப்ரிட் நல்லா வேலை செய்யற வேகமே அதுதான். அவருக்கு சாதா வண்டி 14, ஹைப்ரிட் 22ன்னு வச்சா கிலோமீட்டருக்கு 2 ரூபா 65 காசு, மாசம் 2,000 கிலோமீட்டருக்கு 5,300 ரூபா. 2,70,000 நாலே கால் வருஷத்துல திரும்பிடுது, அதுக்கப்புறம் ஓடறதெல்லாம் லாபம். இஎம்ஐ அளவுக்குக் கிட்டத்தட்ட மிச்சமும் வருது, கையைக் கடிக்காது.

அவரு அதுக்கும் மேல ஒரு படி போயி புது வண்டியே வேணாம், 2022, 2023 மாடல் செகண்ட்ஸ் பாக்கலாம்னு இருக்காரு. யோசிச்சுப் பாத்தா கெட்டிக்காரத்தனம்தான், ரோடு டாக்ஸை முதல் ஓனரு கட்டிட்டாரு, சாதா வண்டிக்கும் ஹைப்ரிட்டுக்கும் நடுவுல இருந்த விலை வித்தியாசமும் கொஞ்சம் கரைஞ்சிருக்கும், பேட்டரி வாரண்டி வண்டியோடயே வரும், 2030, 2031 வரைக்கும் ஓடும். கிலோமீட்டர் மட்டும் பாத்து எடுக்கணும், ஏன்னா ஏற்கெனவே நிறையா ஓடுன வண்டின்னா எட்டு வருஷம் முடியறதுக்குள்ள அவரு 1,60,000ஐத் தாண்டிட வாய்ப்பு இருக்கு. பெங்களூர்ல ஒண்ணு 40 ஆயிரம் ஓடுனது இருக்குன்னு போட்டோ அனுப்பியிருக்காரு, வெளிமாநில வண்டின்னா இங்க மறுபடி டாக்ஸ் கட்டி நம்பர் மாத்தணும், அதை வச்சு இன்னொரு தடவை கணக்குப் போட்டுத் தரேன்னு சொல்லியிருக்கேன்.